மெழுகும் சாயமும் போதும்: உக்ரேனிய ஈஸ்டர் முட்டை எழுதப் பழகலாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் தூரிகைக்கு வேலையே கிடையாது. உக்ரேனியர்கள் பிசங்கா என்று அழைக்கும் ஈஸ்டர் முட்டையில் யாரும் நிறம் தீட்டுவதில்லை. வெள்ளை முட்டை ஓட்டின் மேல் உருகிய தேன்மெழுகால் கோடு போட்டு, மஞ்சள் சாயத்தில் முக்கி, மறுபடி மெழுகு, மறுபடி வேறு சாயம் என்று வெளிர் நிறத்தில் தொடங்கிக் கறுப்பு வரை போய், கடைசியில் மொத்த மெழுகையும் உருக்கித் துடைத்தால் அடியில் மறைந்திருந்த நிறங்கள் எல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். பத்திக் துணி எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும், இரண்டும் ஒரே நுட்பம்தான். மெழுகு உட்கார்ந்த இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் விஷயம். கை நடுங்கினாலும் பரவாயில்லை, ஓவியம் வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எந்த நிறத்தை எப்போது மூட வேண்டும் என்ற வரிசை மட்டும் மனதில் தெளிவாக இருந்தால் முதல் முட்டையே பார்க்கும்படி வந்துவிடும்.

ஸ்லாவிய நாடுகள் எல்லாவற்றிலும் முட்டை அலங்காரம் உண்டு, ஆனால் ஊருக்கு ஊர் கைவேலை மாறும். போலந்தின் ஒபோலே பகுதியில் சாயம் ஏற்றிய முட்டையைக் கூரான கத்தி முனையால் சுரண்டிப் பூ வேலை செய்வார்கள். செக் நாட்டின் மொராவியாவில் வைக்கோல் துண்டுகளை ஒட்டுவார்கள். கிழக்கு ஜெர்மனியில் வாழும் சோர்பியர்கள் வாத்து இறகின் முனையைச் சீவி, அதை மெழுகில் தொட்டு முட்டையில் முத்திரை போல ஒற்றுவார்கள். செர்பியாவில் முதலில் சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டையை வீட்டுக்குக் காவலாக அடுத்த ஈஸ்டர் வரை வைத்திருப்பார்கள். இத்தனை இருந்தாலும் நான் உக்ரேனிய முறையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கருவி எளிது, குறியீடுகள் வளமானவை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கான சாமான்களும் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. 2024இல் யுனெஸ்கோ இந்தக் கலையை உக்ரைன், எஸ்தோனியா இரண்டு நாடுகளின் பெயரிலும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோவியத் காலத்தில் மதச் சடங்கு என்று ஒடுக்கப்பட்டபோது கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன குடும்பங்கள்தான் இதைப் பெரிதும் காப்பாற்றி வைத்திருந்தன. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வெக்ரெவில் என்ற சிற்றூரில் 1975இல் நிறுவிய மாபெரும் அலுமினிய பிசங்கா இன்றும் காற்றுக்குத் திரும்பிக்கொண்டு நிற்கிறது. உக்ரைனில் கொலோமியா நகரத்து பிசங்கா அருங்காட்சியகத்தின் முகப்பே ஒரு முட்டைதான்.

என்னென்ன வாங்க வேண்டும்

கிஸ்த்கா, அதாவது மெழுகால் கோடு போடும் கருவி. குச்சியின் நுனியில் ஒரு சின்னப் பித்தளைப் புனல், அதன் அடியில் ஊசி அளவு துளை. மெல்லியது, நடுத்தரம், தடிமன் என்று மூன்று அளவில் வரும், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நடுத்தரம் வாங்குங்கள். மெல்லியதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், அது அடிக்கடி அடைத்துக்கொண்டு புதியவர்களின் உயிரை வாங்கும். மின்சாரத்தில் சூடாகும் கிஸ்த்காவும் உண்டு, மெழுகு சீராக ஓடும், ஆனால் விலை அதிகம். இந்தக் கலை பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகு அதை யோசிக்கலாம்.

தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சாதாரண மெழுகுவர்த்தி மெழுகைப் பயன்படுத்தாதீர்கள், அது முட்டையில் ஒழுங்காக ஒட்டாமல் செதில் செதிலாகப் பெயர்ந்து வரும், அப்புறம் அந்த இடத்தில் சாயம் புகுந்து கெட்டுவிடும். கருவியைச் சூடாக்குவதற்கு மட்டும் சாதாரண மெழுகுவர்த்தி போதும்.

சாயத்துக்கு முட்டைக்கென்றே தயாரித்த அனிலின் தூள்கள் இருக்கின்றன, பளிச்சென்ற நிறம் வேண்டுமென்றால் அவைதான். பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி கொதிநீரில் கரைத்து, முழுக்க ஆறவிட்டு, ஒரு கப்புக்கு ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்க்க வேண்டும். ஆரஞ்சு மாதிரி சில நிறங்களுக்கு வினிகர் வேண்டாம் என்று போட்டிருப்பார்கள், அதை மதியுங்கள். சூடான சாயத்தில் முட்டையைப் போட்டால் மெழுகு இளகிப் போட்ட கோடெல்லாம் போய்விடும், அதனால் ஆறவைப்பதில் அவசரம் கூடாது. இந்தச் சாயம் உணவுக்கானது அல்ல. இதில் முக்கிய முட்டையைச் சாப்பிடக் கூடாது, சாயம் கரைத்த பாத்திரத்தைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. அனிலின் கிடைக்காவிட்டால் பேக்கரி சாமான் கடையில் விற்கும் உணவு நிறங்களை வினிகரோடு கரைத்துப் பழகலாம், நிறம் கொஞ்சம் மங்கலாக வரும்.

முட்டை விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அதிர்ஷ்டம்தான், நாமக்கல் முட்டை வெள்ளை வெளேரென்று இந்த வேலைக்கென்றே பிறந்தது போல இருக்கும். பழுப்பு ஓட்டில் மஞ்சள் எடுக்காது. கடையில் பொறுக்கும்போதே ஓடு வழவழப்பாக, புள்ளியும் மேடும் இல்லாமல், வடிவம் சீராக இருப்பதைப் பார்த்து எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் போன் டார்ச்சை அடியில் பிடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசல்கூடத் தெரிந்துவிடும்.

பச்சை முட்டைதான் வேண்டும், வேகவைத்தது அல்ல. உயிர் உள்ளே இருக்கும் முட்டைக்குத்தான் சக்தி என்பது உக்ரேனியர்களின் நம்பிக்கை. நடைமுறைக் காரணமும் உண்டு: வேகவைத்த முட்டை நாளடைவில் உள்ளேயே அழுகும்.

முட்டையைத் தயார் செய்தல்

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையை அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் ஓட்டில் ஈரம் பூத்து மெழுகு ஒட்டாது. வினிகர் கலந்த தண்ணீரில் மென்மையாகக் கழுவி, துணியில் ஒற்றி உலர்த்துங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கையில் எண்ணெயோ க்ரீமோ இருந்தால் கழுவிவிட்டு உட்காருங்கள், விரல் ரேகை பட்ட எண்ணெய்ப் பிசுக்குகூடச் சாயத்தைத் தள்ளிவிடும், அது கடைசியில் கறுப்பு ஏற்றும்போதுதான் பல்லை இளிக்கும்.

இப்போது பென்சிலால் முட்டையைப் பிரிக்க வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரிதான் இந்த வேலை: இது சரியாக இருந்தால் மேலே போடுவதெல்லாம் தானாகச் சரியாக விழும். ஒரு ரப்பர் பேண்டை நெட்டுவாக்கில் மாட்டி அதை ஒட்டி மெல்லிய கோடு, அப்புறம் செங்குத்தாக இன்னொன்று, பிறகு இடுப்பைச் சுற்றி ஒன்று. எட்டு பாகம் வந்துவிடும். அழுத்தாமல் லேசாக வரையுங்கள். தப்பிப் போனால் அழிப்பானால் தேய்க்காதீர்கள், தேய்த்த தடத்தில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தப்பான கோட்டை அப்படியே விட்டுவிட்டு சரியானதைப் பக்கத்தில் போடுங்கள், அடர் சாயம் ஏறியதும் யாருக்கும் தெரியாது.

எந்தக் குறியை எங்கே போடுவது

இணையத்தில் தேடினால் குறிக்கு ஓர் அர்த்தம் என்று நேர்த்தியான அட்டவணைகள் வரும். அவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே குறியை ஒரு கிராமத்தில் ஒரு பெயரிலும் மலைக்கு அந்தப் பக்கம் வேறு பெயரிலும் சொல்வார்கள். 988இல் கீவ் அரசு கிறிஸ்தவத்தைத் தழுவிய பிறகு பழைய சூரியக் குறிகள் எங்கேயும் போய்விடவில்லை, அதே கோடுகள் புது அர்த்தத்தோடு தங்கிவிட்டன. எட்டு முனை நட்சத்திரத்தைச் சூரியன் என்பார்கள், ரோஜா என்பார்கள், பெத்லகேம் விண்மீன் என்பார்கள், மூன்றுமே சரிதான்.

அதிகம் காணப்படுவது முடிவில்லா அலை. முட்டையின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் கோடு. நிலைபேற்றின் அடையாளம் என்று சொல்வார்கள். வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் கெட்ட ஆவி இந்தச் சுருளில் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி தெரியாமல் சுற்றும் என்ற நம்பிக்கையும் உண்டு. அதனால்தான் கோடு எங்கேயும் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். கோதுமைக் கதிர் விளைச்சலுக்கு, ஊசியிலைக் கிளை உடல்நலத்துக்கு, மீன் கிறிஸ்துவுக்கு, ஏணி ஜெபத்துக்கு, சீப்பும் பரம்பும் மழைக்கு. பறவை போட்டால் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் போடுவார்கள். கார்ப்பாத்திய மலையில் வாழும் ஹுத்சுல் மக்கள், அதிலும் கோஸ்மாச் கிராமத்தவர்கள், மஞ்சளும் ஆரஞ்சும் தகதகக்க மானும் குதிரையும் நுணுக்கமாகப் போடுவார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால் நமக்கும் கை துறுதுறுக்கும், ஆனால் மெல்லிய கிஸ்த்காவும் பல வருடப் பழக்கமும் வேண்டும். முட்டை முழுவதையும் நாற்பது முக்கோணமாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு வேலைப்பாடு செய்கிற அமைப்பு ஒன்றும் பிரபலம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நாற்பது நாளைக் குறிப்பது. அதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிறத்திலும் யாருக்குத் தருகிறோம் என்ற கணக்கு இருக்கிறது. குழந்தைகளுக்கு வெள்ளை நிறைய விட்ட பளிச்சென்ற முட்டை, பெரியவர்களுக்கு அடர்நிறத்தில் நெருக்கமான வேலைப்பாடு. சிவப்பு மகிழ்ச்சிக்கும் கிறிஸ்துவின் இரத்தத்துக்கும், பச்சை வசந்தத்துக்கும். கறுப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அங்கே அது இறந்தவர்களின் நினைவோடும் நிலைபேற்றோடும் சேர்ந்தது. தவிர, மற்ற நிறங்களைத் தூக்கிக் காட்டுவதே கறுப்புத்தான்.

ஹுத்சுல் மக்களிடம் ஒரு கதை உண்டு. மலைப்பாறையில் சங்கிலியால் கட்டிப்போட்ட ஒரு கொடிய பாம்பு, ஒவ்வொரு வருடமும் தன் ஆட்களை அனுப்பி எத்தனை பிசங்கா எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுமாம். குறைவாக இருந்தால் சங்கிலி தளரும், நிறைய இருந்தால் இறுகும். தவக்காலத்து இரவுகளில் குழந்தைகள் தூங்கிய பிறகு பெண்கள் விடாமல் உட்கார்ந்து எழுதியதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன.

மெழுகால் எழுதுதல்

புனலை மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் சில நொடி காட்டுங்கள். சுடரின் உச்சியில் வைத்தால் கரி படியும். சூடானதும் புனலின் அகன்ற வாயைத் தேன்மெழுகில் அழுத்தி ஒரு சிட்டிகை அளவு அள்ளி, மறுபடி காட்டி உருக்குங்கள். நேராக முட்டைக்குப் போகாமல் ஒரு பழைய காகிதத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், முதல் சொட்டு எப்போதும் பெரிதாகத்தான் விழும். நிறைய நிரப்பினாலும் மேல்வழியாக ஒழுகி முட்டையில் சொட்டும்.

கருவியின் நுனி ஓட்டுக்குச் செங்குத்தாக இருக்கட்டும். கருவியை நகர்த்துவதைவிட முட்டையைத் திருப்புங்கள், முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கோடு தேய்ந்து மறைவது போலத் தெரிந்தால் மெழுகு ஆறிவிட்டது என்று அர்த்தம், மறுபடி சுடருக்குப் போங்கள். கரி கலந்து மெழுகு கறுத்துத்தான் விழும், பயப்படாதீர்கள், வெள்ளை ஓட்டில் எங்கே போட்டோம் என்று தெரிய அதுதான் உதவி. தப்பாக விழுந்த சொட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாலும் அந்த இடத்தில் எண்ணெய்ப்பசை இருக்கும், சாயம் சரியாக ஏறாது. எனவே அதை ஒரு பூவாகவோ புள்ளியாகவோ மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டாவோ முந்தானையோ சுடர்ப்பக்கம் போகாமல் பாருங்கள். மின்விசிறியையும் அணைக்க வேண்டியிருக்கும், அது வியர்வைக் காலத்தில் பெரிய தியாகம்தான்.

சாய வரிசை

வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு. இந்த வரிசையைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது முட்டை என்ன நிறத்தில் இருக்கிறதோ அதே நிறத்தில் கடைசி வரை எதெது இருக்க வேண்டும்? அதை மெழுகால் மூடுங்கள், அடுத்த சாயத்துக்குப் போங்கள்.

முதல் முட்டைக்கு ஒரு அமைப்பு சொல்கிறேன். இடுப்பைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை, அதற்குள் முடிவில்லா அலை, பட்டைக்கு மேலும் கீழும் வரிசையாக முக்கோணங்கள். இந்த முக்கோண வரிசைக்கு ஓநாய்ப் பல் என்று பெயர். வெள்ளை முட்டையில் பட்டையின் ஓரக்கோடுகள், அலையின் இரண்டு பக்கக் கோடுகள், முக்கோணங்களின் வெளிக்கோடு ஆகியவற்றை மெழுகால் போடுங்கள். இவை வெள்ளையாக இருக்கும். மஞ்சளில் பத்து நிமிடம் போல விட்டு, கரண்டியால் எடுத்து, டிஷ்யூவில் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். நன்றாக உலர்ந்ததும் அலையின் உட்புறத்தை மெழுகால் நிரப்பி, முக்கோணங்களுக்குள் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இவை மஞ்சள். அடுத்து ஆரஞ்சைத் தாண்டி நேரே சிவப்புக்குப் போகலாம், மஞ்சளின் மேல் சிவப்பு அழகாக ஏறும். சிவப்பு முட்டையில் முக்கோணங்களின் உட்பகுதியை மூடுங்கள். கடைசியாகக் கறுப்பு. இதற்கு மட்டும் நேரம் கொடுங்கள், அரை மணி நேரம்கூட ஆகலாம், இடையிடையே எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, பழுப்பாகத் தெரிந்தால் திரும்பப் போடுங்கள்.

பச்சையும் நீலமும் இந்த வரிசையில் அடங்காத தொல்லைகள். பச்சை இலை ஒன்றிரண்டு வேண்டுமென்றால் மஞ்சள் கட்டத்தில் இயர் பட்ஸ் அல்லது பல்குத்தும் குச்சியால் அந்த இடத்தில் மட்டும் பச்சைச் சாயம் தொட்டு, உலர்ந்ததும் மெழுகால் மூடி, பிறகு ஆரஞ்சில் முக்குங்கள். கோட்டைத் தாண்டி வழிந்த பச்சையை ஆரஞ்சு தின்றுவிடும்.

மெழுகைக் கழற்றும் நேரம்

எல்லோரும் காத்திருப்பது இதற்குத்தான். இந்தக் கட்டத்தில் முட்டை கரிக்கட்டி மாதிரி அசிங்கமாக இருக்கும், அதுதான் சரி. முழுக்க உலரவிட்டு, சுடரின் பக்கத்தில் (மேலே அல்ல, மேலே பிடித்தால் கரி ஏறி நிறம் கெடும்) ஒரு சிறு பகுதியைக் காட்டுங்கள். மெழுகு ஈரம் போலப் பளபளத்ததும் டிஷ்யூவால் ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒவ்வொரு தடவையும் டிஷ்யூவின் சுத்தமான பக்கம். ஒரே இடத்தில் நெடுநேரம் காட்டினால் ஓடு விரியும் அபாயம் உண்டு.

துடைத்த முட்டையைத் தண்ணீரில் கழுவினால் சாயம் கரைந்துவிடும், ஆகவே வார்னிஷ் அவசியம். எண்ணெய் அடிப்படையிலான வார்னிஷ் மட்டும். தண்ணீரில் கரையும் வகை போட்டால் கறுப்பு சிவப்புக்குள் ஒழுகும். கையுறை போட்டு விரலாலேயே மெல்லிசாகப் பூசி, பலகையில் மூன்று ஆணி அடித்த தாங்கியில் உலரவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

உள்ளே இருப்பதை அப்படியே விட்டால் வருடக்கணக்கில் வற்றிக் காய்ந்துவிடும், கிராமங்களில் அப்படித்தான் செய்தார்கள். நம்மூர் வெயிலில் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன், உள்ளே வாயு சேர்ந்து வெடித்தால் அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போகாது. வார்னிஷ் காய்ந்ததும் தடித்த ஊசியால் இரண்டு முனையிலும் துளையிட்டு, மெல்லிய கம்பியை விட்டு மஞ்சள் கருவை உடைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். தண்ணீர் ஏற்றிக் குலுக்கிக் கழுவி, துளை கீழே பார்க்கும்படி முட்டை அட்டையில் ஒரு நாள் வடியவிடுங்கள். வெளியே வந்ததை ஆம்லெட் போட நினைக்க வேண்டாம். முட்டையை வீணாக்க மனமில்லாதவர்கள் எழுதுவதற்கு முன்பே காலி செய்துவிட்டுத் துளைகளை மெழுகால் அடைக்கலாம், ஆனால் காலி முட்டை சாயத்தில் மிதக்கும், மேலே தண்ணீர் நிரப்பிய சின்னப் பாட்டிலை வைத்து அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கிஸ்த்கா இல்லாமல்

குண்டூசியைப் பென்சிலின் பின்பக்க ரப்பரில் குத்துங்கள். தேன்மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த சின்னக் கிண்ணத்தில் உருக்கி, குண்டூசித் தலையைத் தொட்டு முட்டையில் வைத்து இழுத்தால் கண்ணீர்த் துளி வடிவம் விழும். வெறுமனே ஒற்றினால் புள்ளி. இந்த இரண்டை வைத்தே சூரியன், பூ, ஊசியிலை எல்லாம் போட்டுவிடலாம். இது மாற்று ஏற்பாடு என்று குறைத்துப் பேச வேண்டாம், கார்ப்பாத்திய மலைப் பகுதியின் லெம்கோ மக்களின் மரபு வழியே இதுதான். குழந்தைகளோடு செய்வதற்கும் இதுவே நல்லது, சுடர் பக்கத்தில் இருக்காது. ஒரே சாயம், ஒரே மெழுகுச் சுற்று, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

சாப்பிடுகிற முட்டைதான் வேண்டும் என்பவர்களுக்கு க்ராஷங்கா. வெங்காயச் சருகை ஒரு பாத்திரம் நிறையப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறிய அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வினிகரும் முட்டையும் சேர்த்து வேகவைத்தால் செம்பழுப்பு நிறம் வரும். ஈஸ்டர் காலையில் பாஸ்கா ரொட்டி, வெண்ணெய், உப்பு, காரக்கிழங்கு எல்லாவற்றோடும் கூடையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கி வந்து உடைப்பது இந்த முட்டையைத்தான், பிசங்காவை அல்ல. அதன் ஓட்டைக்கூட வீசமாட்டார்கள், ஆற்றில் விடுவார்கள். தொலைதூரத்தில் ரஹ்மான்கள் என்ற புண்ணிய மக்கள் வாழ்கிறார்கள், அவர்களிடம் நாட்காட்டி கிடையாது, ஓடு மிதந்து போய்ச் சேர்ந்தால்தான் ஈஸ்டர் வந்தது அவர்களுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். அந்த ரஹ்மான்கள் வேறு யாருமில்லை, மாவீரன் அலெக்சாந்தரைப் பற்றிய பழைய கதைகள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த நம் இந்தியப் பிராமணர்கள்!

மீந்த சாயத்தைக் கொட்டிவிடாதீர்கள். மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில் நிறத்தின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும், நிறம் ஏற மறுத்தால் ஒரு கரண்டி வினிகர் சேர்த்துப் பாருங்கள். ஆரஞ்சுக்கு மட்டும் வேண்டாம். முடித்த முட்டைகளை நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள், அனிலின் சாயம் வெயிலில் வெளுத்துவிடும்.